இருநூற்றுத் தொண்ணூற்றொரு வாகனங்கள்

மூன்று வார விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பிய கணக்கம்மா, நாற்காலியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே பேனாவை மேசைமேல் எறிந்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மகளின் மஞ்சள் காமாலையோடு மல்லுக்கட்டிய களைப்பு என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அது கோபம்.

கணக்கம்மா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. நகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தின் முப்பத்து நான்கு பேரில் மற்றவர் எல்லாரும் பொறியாளர்களாகவும் வரைபடக்காரர்களாகவும் எழுத்தர்களாகவும் இருக்க, அவள் ஒருத்தி மட்டும் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். சேர்ந்த முதல் வாரமே யாரோ அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதில் பாதி மரியாதையும் பாதி கேலியும் இருந்தன. இரண்டையும் அவள் பொருட்படுத்தியதில்லை.

மேசைமேல் இருந்தது புதிய ஒருவழித் திட்டத்தின் அறிக்கை. நகரின் இரண்டு பெரிய சாலைகளை ஒருவழியாக்கினால் மற்றத் தெருக்களில் எத்தனை வாகனங்கள் வந்து விழும் என்று சொல்லும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். கடைசிப் பக்கத்தில், "கணக்கு சரிபார்க்கப்பட்டது" என்ற வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்துக்காக ஒரு கோடு காத்திருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தபோதுதான் பேனாவை எறிந்தாள்.

அங்கே ஓர் அட்டவணை. கண் மருத்துவமனைத் தெருவில் காலை நெரிசல் நேரத்தில், மணிக்கு, போன ஆண்டு எண்ணியபோது இருநூற்று எண்பத்தேழு வாகனங்கள். புதிய திட்டம் வந்த பிறகு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. நூலகத் தெருவில் முன்னூற்று இரண்டு, இனி முன்னூற்று ஆறு. கிடங்குத் தெருவிலும் நீர்த்தொட்டித் தெருவிலும் இதே கதைதான். நான்கைந்து வண்டிகளுக்கு மேல் எங்கும் கூடவில்லை. இரண்டு பெருஞ்சாலைகளை ஒருபக்கம் அடைத்துவிட்டு, அவற்றில் ஓடிய ஆயிரக்கணக்கான வண்டிகள் காற்றில் கரைந்துவிட்டன என்கிறது அறிக்கை. அட்டவணைக்குக் கீழே இயந்திரம் தன் வழக்கப்படி ஒரு சொல்லை அச்சிட்டிருந்தது: நிலைபெற்றது.

அதற்கடுத்த பத்திதான் அவளைச் சுட்டது. மணிக்கு நானூறு வாகனங்களுக்குக் குறைவான தெருக்களில் சிக்னல் தேவையில்லை என்பது விதி. ஆகவே மேற்சொன்ன நான்கு தெருக்களின் சிக்னல்களும் வரும் சனிக்கிழமை கழற்றப்பட்டு வேறிடங்களுக்கு மாற்றப்படும்.

கண் மருத்துவமனைத் தெருவை அவள் நன்றாக அறிவாள். அவளுடைய அக்கா அங்கே தலைமைச் செவிலி. மருத்துவமனை தெருவின் ஒரு பக்கம். மருந்தகமும் கண்ணாடிப் பிரிவும் எதிர்ப்பக்கம். அறுவை முடிந்த ஒவ்வொருவரும் ஒரு கண்ணில் கட்டோடு அந்தத் தெருவைக் கடந்தாக வேண்டும்.

இவ்விடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் தமக்கு எந்த வழி சீக்கிரமோ அந்த வழியில்தான் போவார். எல்லாரும் அதையே நினைத்து ஒரே தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு அடைத்துக்கொள்ளும். சிலர் வேறு தெருவுக்கு மாறுவார்கள். அது அடைத்துக்கொண்டால் இன்னொன்று. இப்படி மாறி மாறிக் கடைசியில், எவரும் தெருவை மாற்றி அரை நிமிடம்கூட மிச்சம் பிடிக்க முடியாத ஒரு நிலை வரும். அந்த நிலையைத் தேடுகிற கணக்குக்கு மாறுபாட்டுச் சமனிலி என்று பெயர். பெயர் மிரட்டினாலும் விஷயம் அவ்வளவுதான்.

அதைத் தேடும் வழியும் எளியதே. ஏதோ ஓர் இடத்திலிருந்து தொடங்கி, எந்தத் திசையில் போனால் நெரிசல் தணியும் என்று பார்த்து ஓர் அடி வைக்க வேண்டும். வைத்த அடி வரம்பைத் தாண்டிவிட்டால், அதாவது ஒரு தெருவில் வண்டிகளின் எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போய்விட்டாலோ மொத்தம் மாறிவிட்டாலோ, வரம்புக்குள் இழுத்து நிறுத்திவிட்டு அடுத்த அடி. ஆனால் ஒரு தெருவின் வண்டி இன்னொரு தெருவின் வண்டியைச் சந்திப்புக்குச் சந்திப்பு மறிக்கிற ஊரில், இப்படி நடக்கிறவர் வட்டமாகச் சுற்றிக்கொண்டேயிருக்க நேரும். அதனால்தான் கணக்கம்மா ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஈரடி முறையில் நிரல் எழுதினாள். முதல் அடி வெறும் நோட்டம். அங்கே போய் நின்று திசையைப் பார்த்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே கண்ட திசையில் இரண்டாவது அடியை வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு வேலை. ஆனால் சுற்றாது, போய்ச் சேரும்.

அவள் எழுந்து ஜன்னலோர மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு அலுவலகம் முழுக்கக் குறுக்குவழி என்று பெயர். ஆள் நல்லவர்தான், எந்த வேலையையும் அதற்குரிய நேரத்தில் பாதியில் முடித்துவிடுவார். மீதிப் பாதி நேரத்தை அதைப் பற்றிப் பேசுவதில் செலவிடுவார்.

"வாங்க கணக்கம்மா! பாப்பா எப்படியிருக்கா? கண்ணு மஞ்சள் போயிடுச்சா?"

"போயிடுச்சு. நாப்பத்தேழாம் பக்கத்துக் கணக்கு யாரு போட்டது?"

"ஐயாதான்," என்று அவர் மார்பைத் தட்டிக்கொண்டார். "ஏன், அழகா வந்திருக்கே!"

"என் புரோகிராம்ல முதல் அடிய எடுத்துட்டீங்களா?"

"அது சும்மா போயிட்டுப் போயிட்டுத்தானே வருது? போற இடத்துக்குப் போய்ப் பாத்துட்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க பெட்ரோல் செலவு? தூக்கிட்டேன். பாதி நேரம் மிச்சம்."

"தூக்கினதும் என்ன ஆச்சு?"

குறுக்குவழி காதைச் சொறிந்தார். "சுத்த ஆரம்பிச்சிருச்சு. எண்ணு மேல போகுது, கீழ வருது, மறுபடி மேல போகுது. ராட்டினம் மாதிரி. சரின்னு அடியோட நீளத்தப் பத்துல ஒண்ணாக் குறைச்சேன். அப்பவும் சுத்துச்சு. நூறுல ஒண்ணு. அடங்கல. கடைசியா லட்சத்துல ஒண்ணு வச்சேன் பாருங்க, பொட்டிப் பாம்பா அடங்கிருச்சு. நிலைபெற்றதுன்னு அதுவே எழுதிக் குடுத்துச்சு."

"அடங்கல," என்றாள் கணக்கம்மா. குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு மேசை தள்ளியிருந்த வரைபடக்காரர் தலையைத் திருப்பினார். "நடக்க விடாம காலக் கட்டிப்போட்டுட்டு, நகரலையே, அப்போ வீடு வந்துருச்சுன்னு சொல்றீங்க. நீங்க கிளம்பின இடம் எது?"

"போன வருஷம் எண்ணின எண்ணிக்கை. வேற எதிலேருந்து கிளம்பறது?"

"அதத்தான் புதுத் திட்டம்னு பேர் மாத்தி அச்சடிச்சிருக்கீங்க. போன வருஷத்து எண்ணோட நாலு வண்டியச் சேத்து."

"என்னங்க இது, வந்ததும் வராததுமா! மெஷின்தானே சொல்லுச்சு, நானா சொன்னேன்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் கோபம் அவர்மீதிருந்து நழுவித் தன்மீதே திரும்பியது. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே இடைவெளி மிகச் சிறியதாகிவிட்டால் நிலைபெற்றது என்று எழுது, என அந்தச் சோதனை வரியை நிரலில் எழுதியவள் அவளேதான். அடியின் நீளத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதியது. சரியான சோதனை வேறு: முழு நீள அடி ஒன்றை வைத்துப் பார்த்து, அப்போதும் நின்ற இடத்தைவிட்டு நகராவிட்டால்தான் சேருமிடம் வந்ததென்று பொருள். மாணவப் பருவத்திலேயே படித்தது. சோம்பலால் விட்ட ஒற்றை வரி, இப்போது நான்கு தெருக்களின் தலைமேல் நின்றது.

மதிய இடைவேளையில் அவள் கண் மருத்துவமனைத் தெருவுக்குப் போனாள். சிக்னல் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. கீழே அவளுடைய அலுவலக முத்திரை. சிக்னலில் பச்சை மனித உருவம் ஒளிர்ந்ததும் ஒரு முதியவர் வலக்கண்ணில் வெள்ளைக் கட்டோடு மனைவியின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். பாதித் தெருவில் நின்று, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பினார். வண்டிகள் நின்றிருந்தன. மனைவி, "நடங்க, நடங்க, எல்லாம் நிக்குது," என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாடி, வா! உன்னத்தான் தேடிட்டிருந்தேன். எங்க சிக்னலக் கழட்டப்போறதா ஒட்டியிருக்கு. உன் ஆபீஸ் முத்திரை. ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், அக்கா."

"ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேருக்குக் கண்ணு கட்டி அனுப்பறேன். தொண்ணூறு பேரும் இந்த ரோட்டத் தாண்டறாங்க. வண்டியே வராதுன்னு எவன் சொன்னான்? அவன ஒரு நாள் கூட்டிட்டு வா. ரெண்டு கண்ணையும் கட்டி நானே நடு ரோட்டுல விடறேன்."

"அவருக்குக் கட்டவே வேணாம். ஏற்கெனவே அப்படித்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "ஜோக்கடிக்காத. சனிக்கிழமைக்குள்ள நிறுத்து. நீ படிச்ச படிப்புக்கு இதக்கூடச் செய்ய முடியலன்னா, எதுக்குடி பதினொரு வருஷம் ராப்பகலாப் படிச்ச?"

அன்று பிற்பகலே அவள் முதல் அடியைத் திரும்பவும் நிரலில் சேர்த்து, முழு அடிச் சோதனையையும் எழுதி, கணக்கை ஓடவிட்டாள். அலுவலகத்தின் பழைய இயந்திரம் மூச்சிரைத்தபடி ஓடியது. நகரம் முழுமைக்கும் முடிய எத்தனை நாளாகும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இயக்குநரைப் பார்க்க இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அவர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் முறை சீட்டு ஒன்று வந்தது: வியாழக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், அதற்குள் கையெழுத்தை முடித்துவிட வேண்டுகிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் இயக்குநர். அவர் ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். எவரையாவது கண்டிக்க வேண்டுமானால் இன்னும் மென்மையாகப் பேசுவார். வலப்பக்கம் போக்குவரத்துக் காவல் அதிகாரி; பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். இயக்குநர் அறிக்கையை மூன்று நிமிடம் புகழ்ந்தார். "இவ்வளவு பெரிய மாற்றம். ஆனா ஒரு தெருவுக்குக்கூடத் தொந்தரவு இல்ல. இதுதான் நல்ல திட்டத்துக்கு அடையாளம்," என்று முடித்தார். ஒன்றிரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள்.

கணக்கம்மா எழுந்தாள். "சார், அந்தக் கணக்கு முடியவே இல்ல. தப்பு."

இயக்குநர் புன்னகை மாறாமல், "அம்மா விடுப்புல இருந்தாங்க. கொஞ்சம் மனக்கஷ்டத்துலயும் இருந்தாங்க," என்று மற்றவர்களுக்குத் தெரிவித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "கண் மருத்துவமனையில உங்க சகோதரிதானே வேலை பாக்கறாங்க?" என்றார்.

"ஆமா."

"அதான்," என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

கணக்கம்மா சத்தம் போட்டால், பார்த்தீர்களா என்று அவர் கைகளை விரிப்பார்; அதற்காகத்தான் காத்திருந்தார். அவள் மடிக்கணினியைத் திறந்து திரையில் இணைத்தாள். குறுக்குவழி ஓட்டிய அதே நிரல், அதே அடி, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"எனக்கு ரெண்டு நிமிஷம் போதும் சார்." காவல் அதிகாரியைப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்குப் பிடிச்ச எண் ஒண்ணு சொல்லுங்க. கண் மருத்துவமனைத் தெருவுல ஒரு மணி நேரத்துல எத்தனை வண்டி ஓடணும்னு ஆசைப்படறீங்க?"

"நானா? நான் ஆசைப்பட்டா ஓடுமா?" அதிகாரி இயக்குநரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐநூத்திப் பன்னெண்டுன்னு வைங்க. என் பழைய பைக் நம்பர்."

அவள் ஐநூற்றுப் பன்னிரண்டிலிருந்து தொடங்கச் சொன்னாள். மற்றத் தெருக்கள் மொத்தம் மாறாதபடி தாமே சரிக்கட்டிக்கொண்டன. அரை நிமிடம் கழித்துத் திரையில் வந்தது: ஐநூற்றுப் பதினான்கு. நிலைபெற்றது.

"அடடே," என்றார் அதிகாரி.

"இன்னொண்ணு சொல்லுங்க."

"மூவாயிரம்!"

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. நிலைபெற்றது.

"வண்டியே வேணாம், சுழியம்," என்றார் மின்பிரிவுப் பொறியாளர், விளையாட்டில் சேர்ந்துகொண்டு.

நான்கு. நிலைபெற்றது.

"நீங்க எத எழுதிக் குடுத்தாலும் அது ஆமாங்குது," என்றாள் கணக்கம்மா. இப்போது அவள் குரல் மேலேறிவிட்டது; இறக்க முடியவில்லை. "ஏன்னா நடக்க விடாம கால வெட்டி வச்சிருக்கோம். ஒரு மயிரிழை தூரம் நகந்துட்டு, அட, நகரவே இல்லையே, அப்போ வந்து சேந்துட்டோம்னு சொல்லுது. இத நம்பித்தான் சனிக்கிழமை நாலு சிக்னலக் கழட்டப் போறீங்க. என் அக்கா எங்க வேலை பாக்கறாங்கன்னு கேட்டீங்களே சார், நூலகத் தெருவுல எனக்கு யாரும் இல்ல. கிடங்குத் தெருவுல இல்ல. அந்த எண்ணும் இதே லட்சணம்தான். அதையும் சேத்துக் கேளுங்க!"

காவல் அதிகாரி சிரிப்பை நிறுத்தியிருந்தார். "அப்போ சரியான எண் எது?"

"ஈரடி முறையில மூணு நாளா ஓடிட்டிருக்கு. கண் மருத்துவமனைத் தெருவுக்கு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறுக்கு நடுவுல ஆடிட்டிருக்கு. இன்னும் முடியல."

"முடியலன்னா?"

"முடியலன்னா, எண் இன்னும் என்கிட்ட இல்லன்னு அர்த்தம் ஐயா."

இயக்குநர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

அவர் அறைக்கு அவளை மட்டும் அழைத்தார். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"உட்காருங்கம்மா. நீங்க சொன்னது எனக்குப் புரியாம இல்ல. ஆனா திங்கட்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ் போயாச்சு. மந்திரி வர்றார். நான் ஒண்ணு செய்யறேன். கண் மருத்துவமனைச் சிக்னலப் பட்டியல்லேருந்து எடுத்துடறேன். பொதுமக்கள் கோரிக்கைன்னு எழுதிக்கலாம். இப்பவே, உங்க கண் முன்னாடியே. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க."

"மத்த மூணும்?"

"அங்கேருந்து யாரும் கேக்கலையே."

"அவங்களுக்குத் தெரியாது சார். நம்ம முத்திரைய நம்பிட்டு இருக்காங்க."

"உங்க அக்கா தெரு சரியாயிடுச்சு. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?" அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதுதான் அவளை உலுக்கியது. கூட்டத்தில் அக்காவின் பேரைச் சொல்லி அவமானப்படுத்தியபோது அவர் தந்திரம் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். இல்லை, மனிதர் அப்படியேதான் உலகத்தைப் பார்க்கிறார். யாருக்கு யார் வேண்டியவர் என்பதற்கு மேல் அவருக்குக் கணக்கே இல்லை.

அவள் வெளியே வந்து மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். சொல்லி முடிக்கும்வரை அக்கா குறுக்கிடவில்லை. பிறகு வெடித்தாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? போடு கையெழுத்த!"

"அக்கா, மத்த மூணு தெரு..."

"மூணு தெருவுக்கும் மூணு அக்கா இருப்பா, அவ பாத்துக்குவா. நீ போடலன்னா அந்த ஆளு என்ன பண்ணுவான்? உன்ன விட்டுட்டு வேற எவனையாவது போட வைப்பான். நாலும் போயிடும். உன் வீம்புக்கு என் பேஷண்ட் விழணுமா?"

"வீம்பு இல்ல அக்கா. தப்புன்னு தெரிஞ்சு எப்படிப் போடறது?"

"அப்போ உன் கணக்குல ஆயிரத்துச் சொச்சம்னு வந்துச்சே, அதப் போட்டுக் கையெழுத்துப் போடு!"

"அதுவும் இன்னும் முடியல."

மறுமுனையில் ஒரு தட்டு, அறுவைக் கருவிகள் வைக்கிற தட்டாக இருக்க வேண்டும், ஓசையோடு வைக்கப்பட்டது. "சின்ன வயசுலேருந்து நீ இப்படித்தான். எதையும் முடிக்காம எங்களச் சாகடிப்ப," என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது.

கணக்கம்மா படியில் அப்படியே நின்றாள். அக்கா சொன்னதில் பாதி நியாயம். அதுதான் எரிச்சல். கையெழுத்துப் போடாவிட்டால் கோட்டின்மேல் குறுக்குவழி போடுவார். அவருக்கும் அந்தத் தகுதி உண்டு. வெற்றுக் கோடு யாரையும் தடுக்காது. எவர் வேண்டுமானாலும் வந்து நிரப்பலாம்.

அந்த எண்ணம் வந்தவுடன் அவள் படியேறினாள்.

இயக்குநர் அறையில் அறிக்கை திறந்தே கிடந்தது. அவள் பேனாவை எடுத்தாள். இயக்குநர் நிம்மதியோடு மூடியைத் தாமே கழற்றிக் கொடுத்தார். கையெழுத்துக் கோட்டுக்கு மேல், "கணக்கு சரிபார்க்கப்பட்டது" என்ற அச்சு வரியைத் தொட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்: "சரிபார்த்தேன். பக்கம் 47 முதல் 61 வரையுள்ள எண்கள் எவையும் கணக்கின் விடைகள் அல்ல. கணக்கு முடியவில்லை. இவற்றை நம்பி எந்தச் சிக்னலையும் கழற்றக் கூடாது." கீழே முழுக் கையெழுத்து, பதவி, தேதி. பிறகு நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் போய் "நிலைபெற்றது" என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாள். அதன் பிறகும் பதினான்கு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடித்தாள். கடைசி இரண்டு பக்கங்களில் தாள் கிழிந்தது.

இயக்குநரின் முகம் முதல் தடவையாக நிறம் மாறியது. "என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா? இது மூல அறிக்கை. இது இனிமே மேல போகாது!"

"போகக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க சார். காரணம் எழுதறப்ப இந்தப் பக்கத்தையும் சேத்து வைக்கணும். வச்சே ஆகணும்." அவள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பதிவுப் பிரிவுக்கே போய், பெறப்பட்டது என்ற முத்திரையைக் கண்முன்னே குத்த வைத்தாள். பதிவு எழுத்தர், "எதுக்கும்மா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். அவள் முத்திரை தெளிவாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் இடைவேளை முடிந்து கூட்டம் மறுபடி கூடியதும், முத்திரை விழுந்த கடைசிப் பக்கத்தை அவள் வாசித்துக் காட்டினாள். காவல் அதிகாரி முதலில் வாய் திறந்தார். எழுத்தில் இப்படி ஒரு வரி பதிவாகியிருக்கும்போது தம் துறை ஒரு சிக்னலையும் தொடாது, நாளை விபத்து நடந்தால் ஊடகங்கள் தம் கழுத்தைத்தான் பிடிக்கும் என்றார். நியாயத்துக்காகச் சொன்னாரா, கழுத்துக்காகச் சொன்னாரா என்பது தெரியவில்லை. கணக்கம்மாவுக்கு அது இரண்டாம்பட்சம். சிக்னல்களும் திறப்பு விழாவும், கணக்கு முடியும் வரை, நிறுத்தி வைக்கப்பட்டன. இயக்குநர் அதை அறிவித்தபோது அவளைப் பார்க்கவில்லை. இனிப் பல மாதங்களுக்கும் பார்க்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

மேசைக்குத் திரும்பியபோது குறுக்குவழி அவளுடைய திரைக்கு முன்னால் நின்று, ஆடிக்கொண்டிருக்கும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து நூத்தி அறுபத்தொண்ணு... அம்பத்தெட்டு... அம்பத்தொம்போது," என்று படித்தார். "ஒண்ணு ரெண்டுதானே ஆடுது கணக்கம்மா. இதோட நிறுத்திக்கலாமே? யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தம் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன் அடித்தது. அக்கா.

"கழட்டறாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"கழட்டல. நாலையும் கழட்டல. கணக்கு முடியற வரைக்கும்."

பின்னணியில் யாரோ யாரையோ, கண்ணை அழுத்தாதீங்க, அழுத்தாதீங்க என்று அதட்டுவது கேட்டது.

"எப்ப முடியும்?"

"தெரியாது."

"தெரியாதா? தெரியாதுன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமா," என்றாள் கணக்கம்மா. கோபம் இன்னும் தணியவில்லை. "அதுக்குத்தான் குடுக்கறாங்க."